கொசுவுக்குத் தோட்ட எல்லை தெரியாது

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கால்வாய் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கூப்பிடுவது?

வீட்டோரச் சாக்கடை என்றால் ஊராட்சி மன்றம். அது போய்ச் சேரும் பெரிய கால்வாய் என்றால் வடிகால், நீர்ப்பாசன இலாகா. செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுகிறது என்றால் தோட்ட நிர்வாகம். பள்ளிக்கூட வேலிக்குள் என்றால் தலைமையாசிரியர் கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி யாருக்காவது டிங்கி வந்துவிட்டால், அப்போது மாவட்டச் சுகாதார அலுவலகம் புகை மருந்து இயந்திரத்தோடு வரும். ஒரே தண்ணீர், ஐந்து முதலாளிகள். பெர்னாம் ஆற்றைத் தாண்டிவிட்டால் மாநிலமே வேறு, அக்கரை சிலாங்கூர்.

கொசு இந்த அறிவிப்புப் பலகை எதையும் படிப்பதில்லை.

நம் நாட்டு அரசியலமைப்புப்படி சுகாதாரம் கூட்டரசின் பொறுப்பு. ஈப்போவில் இருந்து இயங்கும் பேராக் மாநிலச் சுகாதார இலாகா, பெயரில் மாநிலம் இருந்தாலும், புத்ராஜெயாவில் உள்ள சுகாதார அமைச்சுக்குக் கீழ்தான் வருகிறது. ஆனால் நிலம் மாநில அரசின் கையில். ஊராட்சி மன்றங்களும் அப்படியே. ஆக, மருந்து ஒருவரிடம், சாக்கடை இன்னொருவரிடம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை மூன்றாமவரிடம். இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போடாமல் ஒரு மாநிலத்தின் ஆரோக்கியத்தை யாராலும் தனியாக உயர்த்த முடியாது.

இந்த வாரம் அந்த மேசையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது புதிய யோசனை இல்லை. நம் நாட்டில் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. அதில் யார் உட்கார்ந்தார்கள், யாருக்கு நாற்காலி போடவில்லை என்பதுதான் நம் தோட்டத்து மக்களின் கதை.

கடற்கரைக்கு மருந்து, மேட்டுக்கு விஷம்

1901-ஆம் ஆண்டு. கிள்ளானில் அரசாங்க மருத்துவராக வேலைக்கு வந்து சேர்கிறார் மால்கம் வாட்சன் என்ற இளைஞர். மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்று ரோனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். அந்த ஆண்டுதான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த வேகத்திலேயே வேலையாட்கள் காய்ச்சலில் விழ, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது. வாட்சன் சதுப்புக் காட்டை வெட்ட வைத்தார், பள்ளங்களைத் தூர்க்க வைத்தார், வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடிய வைத்தார். காய்ச்சல் இறங்கியது. துறைமுகம் பிழைத்தது.

சரி, வழி தெரிந்துவிட்டது, எல்லா ஊரிலும் காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டிவிடலாம் என்றுதானே நமக்குத் தோன்றும்? அங்கேதான் சிக்கல். மேட்டு நிலத்துத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா குறையாமல் கூடியது.

காரணம் கொசுவின் இனம். கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பியது நிழலில் வாழும் ஒரு கொசு. காட்டை வெட்டி வெயில் பட்டதும் அது ஒழிந்தது. மேட்டு நிலத்தில் இருந்த அனோஃபிலிஸ் மாக்குலாத்தஸ் என்ற கொசு இதற்கு நேர்மாறு. வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. அங்கே ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓட விட வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது.

நம் பேராக் மாநிலத்தை நினைத்துப் பாருங்கள். ஹுத்தான் மெலிந்தாங் கடலோரத் தாழ்நிலம். சுங்கை சிப்புட் மலையடிவாரம். ஒரே உத்தரவை எழுதி இரண்டு ஊருக்கும் அனுப்பினால், ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்கு விஷமாகிவிடும். மாநிலத்துக்கே திட்டம் போடும்போது ஊரின் மண்ணைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாட்சன் காலத்துப் பாடம் இதுதான்.

பாடம் படிக்கக் கொடுத்த விலை அதிகம். 1911-இல் பேராக்கையும் உள்ளடக்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில், இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு 60-க்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டில் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதில் கப்பலேறி வந்தவர்கள். ஊருக்குக் கடிதம் போட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் பால்மரக் காட்டோரம் புதைந்தவர்கள் எத்தனை பேரோ.

வாரியம் வந்தது, போனது

1920-களில் அரசாங்கத்துக்கு ஒன்று புரிந்தது. ஒரு தோட்டம் வாய்க்கால் வெட்டி, பக்கத்துத் தோட்டம் வெட்டாவிட்டால் இரண்டுக்கும் காய்ச்சல்தான். ஒரு தோட்டம் தனியாக மருத்துவமனை கட்டினால் செலவு தாங்காது. நாலைந்து சேர்ந்தால் முடியும். விசாரணைக் குழு வைத்தார்கள். 1926-இல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. வட்டாரத்துத் தோட்டங்கள் வரி கட்ட, பொதுவாக மருத்துவமனையும் மலேரியா தடுப்பும் நடக்கும் என்பது ஏற்பாடு. நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே கூட்டுத் திட்டமிடல் சட்டமாகவே இருந்தது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

ஆனால் அது நிலைக்கவில்லை. தோட்ட முதலாளிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வரி பிடிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும், 1930-களின் தொடக்கத்தில் வாரியங்கள் கலைந்தன. அந்த மேசையில் பணம் கட்டுகிறவரின் குரல் கேட்டது, அதிகாரியின் குரல் கேட்டது. காய்ச்சலில் படுத்தவனின் குரல் கேட்க வழியே இல்லை. தொழிற்சங்கச் சட்டமே 1940-இல்தான் வந்தது. வாரியத்தை மூடாதீர்கள் என்று சொல்ல லயத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நிற்க இடமே இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதன் பிறகு தோட்ட ஆரோக்கியம் முதலாளியின் மனசைப் பொறுத்ததாகிவிட்டது. நம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ஜெண்டராத்தாவில் 1906-இல் டென்மார்க்காரர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய தோட்டம் வளர்ந்து சொந்த மருத்துவமனை நடத்தும் குழுமமானது. அந்த வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். வேறு பல தோட்டங்களில் இருந்தது ஒரு டிரசரும் ஒரு மருந்துக் கொட்டகையும்தான். எந்தத் தோட்டத்தில் பிறந்தாய் என்பதே எவ்வளவு நாள் வாழ்வாய் என்பதைத் தீர்மானித்தது.

1, 4, 20

சுதந்திரத்தை ஒட்டி வந்த கிராமச் சுகாதாரத் திட்டம் உலகமே படிக்கும் பாடம். கணக்கு சுலபம். 50,000 கிராம மக்களுக்கு 1 பெரிய சுகாதார நிலையம், 4 துணை நிலையங்கள், 20 மருத்துவச்சி கிளினிக்குகள். கிராமத்துப் பிரசவம் பார்த்த பீடான் கம்போங் பாட்டிமார்களை விரட்டாமல், பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, அரசாங்கத் தாதியரோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். 1960 முதல் துன் அப்துல் ரசாக்கின் கிராம மேம்பாட்டுத் திட்டத்தில் மாவட்டந்தோறும் வரைபடங்கள் தொங்கும் செயற்பாட்டு அறைகள் வந்தன. சாலை, தண்ணீர், பள்ளி, கிளினிக் எல்லாவற்றையும் இலாகா அதிகாரிகள் ஒரே அறையில், ஒரே வரைபடத்தின் முன் நின்று பேசினார்கள். "சிவப்புப் புத்தகம்" என்று அந்தத் திட்டப் புத்தகத்தைச் சொல்வார்கள்.

பலன்? 1950-களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு நூற்றுக்கணக்கில் இருந்த தாய் மரணம், 1990-களில் 30-க்கும் கீழே வந்துவிட்டது. மனிதருக்கிடையே பரவும் மலேரியா, 2018 முதல் உள்நாட்டில் தொற்றியதாக ஒன்றுகூட இல்லை. இப்போது இருப்பது பெரும்பாலும் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் வகை. இதில் பெருமைப்பட நமக்கும் உரிமை உண்டு. தாதியராகவும் மருந்து தெளிப்பவராகவும் வேலை செய்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

ஆனால் அந்த வரைபடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தோட்டம் தனியார் நிலம். தொழிலாளியின் வீடும் தண்ணீரும் மருந்தும் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. கிராம மேம்பாடு கிராமத்துக்குத்தான். அரசாங்க வரைபடத்தில் சாலையும் தண்ணீர்க் குழாயும் தோட்டத்து வாசல் வரை வந்து நின்றன. கம்பத்தில் கிளினிக் எழுந்தபோது பக்கத்து லயத்தில் டிரசரின் மருந்துக் கொட்டகையே கதி. வேண்டுமென்று ஒதுக்கினார்களா இல்லையா என்பதை ஆராய்ச்சியாளர்கள் வாதாடட்டும். நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வரைபடத்தில் இல்லாத வீட்டுக்குத் திட்டம் வராது.

இப்போதைய காய்ச்சலுக்கு உடம்பு சுடாது

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதியாகின. பால்மரம் போய் செம்பனை வந்தது. லயம், ஆயாக்கொட்டகை, டிரசர் எல்லாம் கதையாகிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களோடு ஒரு புதிய நோயும் குடிபெயர்ந்தது. உடம்பு சுடாது, நடுங்காது. பல ஆண்டுகள் சத்தமே போடாது.

இனிப்பு நீர்.

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, அதாவது பத்தில் மூவர். எல்லா இனங்களிலும் நாம்தான் முதல். இதைவிடக் கவலை தரும் விஷயம், நீரிழிவு இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. சோதனை செய்தபோதுதான் தெரிந்தது.

வானொலியில் பேசுவது என் வேலை. காலையில் அழைக்கும் நேயர்கள், பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவே, "அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம், கார்ல கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்று இயல்பாகச் சொல்வார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அந்தக் காரை ஓட்டுகிற மகனுக்கோ மகளுக்கோ முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். அவர்களுடைய சம்பளம், விடுப்பு, கல்யாணம் எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் நடக்கிறது. நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். அதில் பெரும் பங்குக்குக் காரணம் நீரிழிவு.

இதற்கு ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டால் என்ன வரும்? "சீனியைக் குறையுங்கள்" என்று ஒரு சுவரொட்டி வரும். தப்பில்லை. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குத் திறந்திருப்பது தே தாரிக் கடை மட்டும்தான். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் அவர் தூங்க வேண்டும். சம்பளம் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு, மருத்துவரைப் பார்க்கும் நாள் சம்பளம் இல்லாத நாள். கார் ஓட்டத் தெரியாத பாட்டிக்கு ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போவது யாராவது ஏற்றிச் சென்றால்தான். நடக்கச் சொல்கிறார்கள், லாரி போகும் சாலையில் நடைபாதை எங்கே? இதில் ஒன்றுகூட மாத்திரைப் பிரச்சினை இல்லை. சாலை, பேருந்து, முதலாளி, கடைக்காரர், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கலந்த பிரச்சினை. வாட்சன் காலத்து ஓடை மாதிரி, இடத்துக்கு இடம் வேறுபடும். அங்கே வாழ்கிறவருக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள்?

தாய்லாந்து இதற்குச் சட்டமே போட்டது. 2007-இல் தேசிய சுகாதாரச் சட்டம், 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை. அரசாங்க அதிகாரி, ஆய்வாளர், பொதுமக்கள் மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானம் போடுவார்கள். அந்நாட்டு மருத்துவர் பிரவேஸ் வாசி இதற்கு "மலையை நகர்த்தும் முக்கோணம்" என்று பெயர் வைத்தார். அறிவு, மக்கள், அரசியல் ஆகிய மூன்று முனையும் சேர்ந்தால்தான் மலை நகரும். ஒன்று குறைந்தாலும் நகராது.

தமிழ்நாட்டில் 2019-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில், மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் சுகாதாரப் பேரவை கூட்டும் ஏற்பாடு சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே சோதனையும் மருந்தும். கொண்டுபோகிறவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அதே ஊர்ப் பெண். இந்தத் தெருவில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யார் வெட்கப்பட்டு மறைக்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நம் நாட்டுப் பீடான் கம்போங் கதையும் இதேதான், இல்லையா?

நமக்குள்ள வாசல்கள்

நம் நாட்டிலும் கதவு பூட்டியிருக்கவில்லை. 2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. அடுத்த 15 ஆண்டுக்கான அந்தச் சீரமைப்புத் திட்டத்தில், நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட வராமல் தடுப்பதற்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறார்கள். "கோஸ்பென்" என்ற திட்டத்தில் ஊர்த் தொண்டர்களே ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்க்கப் பயிற்சி பெறுகிறார்கள். அரசாங்கக் கிளினிக்குகளுக்கு ஊர் மக்கள் அடங்கிய ஆலோசனைக் குழு உண்டு. மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியம் உண்டு. பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு.

உங்கள் கிளினிக்கின் ஆலோசனைக் குழுவில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தவர் ஒருவராவது இருக்கிறாரா? நாம் எல்லோரும் கிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருந்திருக்கிறோம், வரிசை நீளம் என்று முகநூலில் எழுதியிருக்கிறோம். அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதியவர் எத்தனை பேர்?

இளம் வாசகர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் எக்செல் பட்டியல் போடுகிறீர்கள், வரைபடம் வரைகிறீர்கள், கூட்டக் குறிப்பு எழுதுகிறீர்கள். அதே கையால் ஊருக்கு ஒன்று செய்யலாம். தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ ஊருக்குப் போகும்போது, உங்கள் தாமானில் அல்லது பழைய தோட்டப் பகுதியில், கிளினிக்குக்குப் போக வாகனம் இல்லாத முதியவர்கள் எத்தனை பேர், இரவு ஷிப்ட் வேலை செய்பவர்கள் எத்தனை பேர், தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யாருடைய நோயையும் பெயரோடு எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். கோயில் தலைவர், பள்ளிச் சங்கத் தலைவர், ஊர்த் தலைவர் மூவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஒரே கடிதம் என்பது முக்கியம். தனித்தனியாகக் கொடுத்தால், "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் தனித்தனியாக வரும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்னதானத்துக்கு நூறு பேர் கூடும் இடத்தில் கோஸ்பென் தொண்டர்களுக்கு ஒரு மேசை கொடுங்கள். பந்தியில் உட்காரும் முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம். இனிப்பு நீர் இருப்பதே தெரியாத அந்தப் பாதிப் பேரை மருத்துவமனை தேடிப் பிடிக்க முடியாது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது நாம் பிடித்துவிடலாம்.

இதெல்லாம் செய்தால் உடனே மாறிவிடுமா? மாறாது. 1926-இன் வாரியம் நமக்கு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது: கூட்டம் போடுவது சுலபம், பணம் யார் தருவார் என்ற கேள்வியில்தான் உடையும். ஆகவே கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வியைக் கையில் வைத்திருங்கள். இதை யார் செய்வார்? பணம் எந்த இலாகாவிலிருந்து வரும்? எந்த மாதம் திரும்ப வந்து கணக்குச் சொல்வீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து வாசலில் ஒரு கதவு இருந்தது. திட்டம் அதைத் தாண்டி வரவில்லை. இன்று அந்தக் கதவு இல்லை. லயத்து வீட்டுக்கு இப்போது தாமான் பெயரும் அஞ்சல் குறியீடும் உண்டு. வரைபடத்தில் வந்துவிட்டோம். மேசைக்குப் போவதுதான் பாக்கி. உங்கள் ஊர் கிளினிக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை எனக்கும் எழுதுங்கள். நாம் இதைத் தொடர்ந்து பேசுவோம்.